நீல ஃப்யூஸ்

பிடுங்க வேண்டியது நீலக் கலரில் இருப்பது. தலையில் பதினைந்து என்று எழுதியிருக்கிறது, எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். வண்டிக்குள் தலைகீழாகக் கிடக்கிறேன். கால் இரண்டும் டிரைவர் சீட்டின் சாய்மானத்தில், முதுகு சீட்டு விளிம்பில், தலை கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில், டார்ச் போட்ட செல்போன் வாயில். எச்சில் காதுப்பக்கம் ஒழுகுகிறது. வெளியே நிற்கிற எல்லாரும் நான் ஹெட்லைட்டைச் சரி பண்ணிக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். ஹெட்லைட்டுக்கு ஒன்றுமே இல்லை. நன்றாக எரியும். அதை எரியாமல் பண்ணத்தான் படுத்திருக்கிறேன், பண்ணச் சொன்னவர் அப்பா. கொஞ்ச நேரம் முன்னால் பின்கதவுப் பக்கம் பாத்திர மூட்டையை ஏற்றும்போது, என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லைட்டு மக்கர் பண்ணுது, நீ பாக்கறீன்னு சொல்லியிருக்கறேன். போயி அந்த நீலத்தப் புடுங்கிப் பாக்கெட்டுல போட்டுக்க. கேட்டா, நீ முந்தி ஸ்பீக்கருக்கு இழுத்த ஒயரு ஷார்ட் ஆயிருச்சுன்னு சொல்லிரு." அவ்வளவுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, ஆனால் வந்து படுத்துவிட்டேன், அது சரி என்று சொன்ன மாதிரிதான். அக்கா குழந்தை தன்விகாவுக்கு நாளைக்கு விடியும்போது காது குத்து. மச்சானுடைய குலதெய்வக் கோயில் கரூர் தாண்டி உள்ளே எங்கேயோ இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் முகூர்த்தம், அதனால் இப்போதே கிளம்பி அங்கே போய்த் தங்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான். லைட் இல்லையென்றால் மச்சான் எங்கேயாவது வாடகை வண்டி பிடிப்பார், எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டே அதில் ஏறுவார்கள், காது குத்து எப்படியும் நடக்கும். என் பேர் மட்டும் இன்னொரு தடவை கெடும். ஏற்கனவே கெட்ட பேர்தானே. புடுங்கு. விரல் அதன்மேல்தான் இருக்கிறது. சின்னதாக, வழவழப்பாக, பால் பல் மாதிரி இருக்கிறது. ஆட்டினால் வந்துவிடும்.

வெளியே அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், "இவன் அந்தப் பாட்டுப் பொட்டியக் கொண்டாந்து மாட்டுனதுலருந்து இந்த வண்டி வண்டியாவே இல்லீங்க." பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கும், வழியனுப்ப வந்திருப்பாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும் இந்தக் கதை. துரைசாமி பையன் பிளஸ் டூவைப் பாதியில் விட்டான், வீட்டில் சும்மா கிடந்தான், வண்டியை நோண்டினான், வண்டி கெட்டது. அந்த வரிசையில் முதல் மூன்றும் உண்மை. படிப்பு எனக்கு வராமல் இல்லை, பிடிக்கவில்லை. அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, வரவில்லை என்று சொன்னால்தான் பாவம் பார்க்கிறார்கள். எனக்குப் பாவம் வேண்டாம். கெமிஸ்ட்ரி சார் ஒருநாள் என்னை எழுப்பி நிறுத்தி எதுக்குடா வர்றே என்று கேட்டார், யோசித்துப் பார்த்தேன், மறுநாளிலிருந்து போகவில்லை. அதற்கப்புறம் நான் செய்த ஒரே உருப்படியான வேலை இந்த வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டியதுதான். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தனி ஃப்யூஸ், தனி ரிலே, பேட்டரியிலிருந்து தனி ஒயர், எங்கேயும் தொங்காமல், ஓரமாக, ஒரு சாணுக்கு ஒரு டேப் ஒட்டி இழுத்திருந்தேன். யாராவது குனிந்து பார்த்திருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். யாரும் குனியவில்லை. பாட்டு நல்லாக் கேட்கிறது என்றார்கள், அப்புறம் ஒரு சாயங்காலம் ஹெட்லைட் எரியவில்லை என்றார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிறோம், சேலை கட்டி, பூ வைத்து, எரியவில்லை. மறுநாள் காலையில் நான் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரிந்தது. பகலில் எரிகிறது, சாயங்காலம் எரிவதில்லை. அதுவும் எல்லாச் சாயங்காலமும் இல்லை, எங்கேயாவது கிளம்பும்போது மட்டும். ஆட்டோ எலக்ட்ரீசியன் ஜேம்ஸ் அண்ணன் ஸ்விட்சை மாற்றினார், ரிலேயை மாற்றினார், பேட்டரிக்கு எர்த் ஒயர் புதிதாகப் போட்டார், கடைசியில் மாற்ற ஒன்றும் இல்லாமல் என் ஒயரைப் பார்த்தார். "இது யார்றா இழுத்தது?" நான்தான் என்றேன். கட்டிங் பிளேயரை வைத்து அறுத்தார். ஒரே அறுப்பில் வரவில்லை, நான் நல்ல ஒயராக வாங்கியிருந்தேன், இரண்டு மூன்று தடவை நெம்பி நெம்பி அறுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பாவும் நின்றார். அப்பாவுக்கு அப்போதே தெரியும். அதுதான் எனக்கு இப்போது தாங்கவில்லை. ஒயரை அறுத்ததுகூட இல்லை, அறுக்கும்போது அவர் பக்கத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.

ஒயரை அறுத்தபிறகும் லைட் போனது. அப்போதும் நான்தான் காரணம், மிச்சம் இருக்கிற ஒயர் நுனி எங்கேயோ தொட்டுக்கொண்டிருக்கிறதாம். அப்புறம் அம்மா வாஸ்துக்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வாஸ்து பார்ப்பார்கள், எங்கள் வீட்டில் வேனுக்குப் பார்த்தோம். தெற்குப் பார்த்து நிறுத்தியதால்தான் இப்படியாம், வடக்குப் பார்த்து நிறுத்தணுமாம். அதனால் தினமும் அப்பா மில் ஆட்களை இறக்கிவிட்டு வந்ததும் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, முன்னால் ஏற்றி, மறுபடி ரிவர்ஸ் எடுத்து, காம்பவுண்டு சுவரைப் பார்த்து மூஞ்சியை வைத்து நிறுத்துவார். காரணம் என்னவென்று நன்றாகத் தெரிந்த மனுஷன் அம்மா சொன்னதற்காக வியர்வை வழிய வடக்குப் பார்க்க வைத்தார். எனக்குச் சிரிப்பு வருகிறது, வாயில் போன் இருப்பதால் மூக்கு வழியாக வருகிறது. "என்ன மாப்ள, உள்ள காமெடி ஓடுதா?" மச்சான் குனிந்து பார்க்கிறார், அவருடைய தலை எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது, மீசை மேலே, கண்ணாடி கீழே. மணிமாறன் மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், எல்லாரையும் கிண்டல் பண்ணுவார், கெட்டவர் இல்லை. "ஒண்ணுமில்லீங்க மச்சான்," என்றேன் போனைப் பல்லில் கடித்தபடியே. "ஒண்ணுமில்லையா? அப்ப எந்திரிச்சு வா. ஏதாச்சும் இருந்தாச் சொல்லு, எங்கம்மா அங்க ஊருக்கே சாப்பாடு சொல்லி வெச்சிருக்குது, தாய்மாமன் வரலைன்னா என் மடியிலயா குத்த முடியும்?" "ஒரு அஞ்சு நிமிஷம்." "நீ அஞ்சு நிமிஷம்னா அது அடுத்த ஆடிக்குத்தான். ஏ மாப்ள, வேணும்னா சொல்லு, டார்ச்சு வாங்கித் தர்றேன், நீ பேனட்டு மேல உக்காந்து வெளிச்சம் புடிச்சுட்டே வா." வெளியே யாரோ சிரிக்கிறார்கள். அக்காவாக இருக்கலாம். அம்மா சிரிக்கவில்லை. அப்பா எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து மச்சான் வண்டியைச் சுற்றியே நிற்கிறார், மாவிலை கட்டுகிறார், கண்ணாடி துடைக்கிறார், சீட்டுக்கு உறை போடுகிறார், அதனால்தான் அப்பாவால் இன்றைக்குக் கதவைத் திறந்து குனிய முடியவில்லை. அதனால்தான் என்னிடம் சொன்னார். இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி இவ்வளவு நேராகச் சொன்னார், புடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள் என்று? தெரிந்தால் எப்படி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்? இதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். தெரியும் என்றால் ஒரு மாதிரி, தெரியாது என்றால் வேறு மாதிரி. இரண்டிலும் பிடுங்க வேண்டியது இதே ஃப்யூஸ்தான்.

நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது, அது நிச்சயம். போன மாதம் ஒரு சாயங்காலம். வீட்டில் அம்மா பேச்சு தாங்காமல் வண்டியின் பின் சீட்டில் போய்ப் படுத்திருந்தேன், அது என்னுடைய இடம், கதவைச் சாத்தினால் குரலெல்லாம் பாதிதான் கேட்கும். போனில் சார்ஜ் இல்லை, அதனால் வெளிச்சமும் இல்லை. வீட்டுக்குள் அக்கா மாமனார் வீட்டுப் பக்கம் ஒரு துக்கத்துக்குப் போகணும் என்று பேச்சு நடந்தது, உடனே கிளம்பணும் என்று. கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். முன்கதவைத் திறந்தார், திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, செருப்பைக் கழற்றுகிற மாதிரி சாதாரணமாகக் குனிந்து கையை உள்ளே விட்டார். டக் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தபோது விரலில் நீலமாக என்னவோ இருந்தது, சட்டைப் பாக்கெட்டில் போட்டார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சீட்டு கிறீச்சென்றது. அவர் திரும்பிப் பார்த்தார். நேராக என்னைப் பார்த்தார். எங்களுக்கு நடுவில் ஒரு சீட்டுதான். முழு இருட்டுக்கூட இல்லை, எனக்கு அவருடைய சட்டைப் பித்தான் தெரிந்தது, முந்தின நாள் வழித்த தாடியில் வெள்ளை முடி தெரிந்தது. மாட்டிக்கொண்டது அவரா நானா என்று புரியாமல் நான் சிரித்தேன். பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவர் கண் என் முகத்தின் மேல் வந்து, நிற்காமல், சீட்டுக்குப் போய், கண்ணாடிக்குப் போய், திரும்பி வந்து மறுபடி என் மேல் நகர்ந்து போனது. "பூனையா," என்றார். தனக்குத்தானே சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, கையை வண்டி மேல் தடவிக்கொண்டே நடந்து, படி எங்கே என்று காலால் தேடி ஏறினார். நான் அப்படியே சிரித்த வாயோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே, "என்றா இது, மறுபடியும் லைட்டு எரியலையே," என்று அவர் குரல் கேட்டது. அம்மா கத்தினாள், "லோகு! டேய் லோகு! எங்கடா போன?" அன்றைக்கும் வாங்கிக்கட்டிக்கொண்டேன், காலையில் போய்ப் பார்த்தால் ஃப்யூஸ் பழைய இடத்திலேயே இருந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர் என்னைப் பூனை என்று சொன்னதை எப்படிச் சொல்வது.

அதற்கப்புறம் பழையது ஒவ்வொன்றாக எழுந்து வந்து இது அதுதான், இது அதுதான் என்கிறது. நிறுத்த முடியவில்லை. நைட் சர்வீஸ் துரைசாமி என்று அவருக்குப் பேர். மெட்ராஸ் பஸ். இவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் பின்னால் எல்லாரும் தூங்கலாம் என்பார்கள், அம்மா அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். முதுகு வலி என்று அந்த வேலையை விட்டார். இந்த வேனை வாங்கி மில்லுக்கு ஆள் ஏற்றுகிறேன், பகல் வேலை, நிம்மதி என்றார். முதுகு வலிக்கு ஒருநாள்கூட தைலம் தடவி நான் பார்த்ததில்லை. மில்லில் பொழுதோடு இறக்கிவிட்டு வந்துவிடுவார், யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவார், பொழுதுக்குள் வீடு வரணும். ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார், அம்மாதான் டம்ளரை வழியில் வைத்துவிட்டாள் என்று சண்டை. கரண்ட் போனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார், வந்துரும் வந்துரும் என்பார். வாய்க்கால் நாள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் வாஸ்து, வடக்கு என்று போய்க்கொண்டிருந்தேன். சித்தப்பா வீட்டு விசேஷம் முடிந்து திரும்பும்போது நேரமாகிவிட்டது, அப்பா முன்னால் போகிற பஸ்ஸின் பின்சிவப்பை ஒட்டியே ஓட்டினார், ஏன் இவ்வளவு ஒட்டிப் போகிறார் என்று நினைத்தேன். பஸ் எங்கேயோ திரும்பிவிட்டது. அப்புறம் வண்டி மெதுவாக, மெதுவாக, ஆள் நடக்கிற மாதிரி போனது. ரோடு இடது பக்கம் வளைந்தது, வண்டி வளையவில்லை. சக்கரம் மண்ணில் இறங்கியது. நான் முன் சீட்டில் இருந்தேன். இரண்டு லைட்டும் எரிந்தன, தண்ணீர் மேல் விழுந்தன, வாய்க்கால் முழுக்கத் தண்ணீர், மஞ்சளாக, ஒரு வாழைமட்டை சுற்றிக்கொண்டே போவதுகூட எனக்குத் தெரிந்தது. அப்பா என்று கத்தினேன். பிரேக் போட்டார். பின்னால் அக்கா தூக்கத்தில் முன் சீட்டில் முட்டிக்கொண்டாள், குழந்தை அழுதது. "லைட்டு பத்தல," என்றார் அப்பா. ஸ்டியரிங்கை விடவில்லை. "இவன் ஒயரு போட்டதுலருந்து லைட்டு டல் அடிக்குது." அப்போதும் நான்தான். அவருக்கு வெளிச்சம் பத்தவில்லை, எனக்கு வாழைமட்டை தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் புரிந்துகொண்டிருக்கலாம், ஆனால் திட்டு விழுந்ததில் கோபம் வந்துவிட்டது, கோபம் வந்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. அதற்கப்புறம் அவர் ராத்திரியில் வண்டியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஃப்யூஸ் போனது. ஒரு விதத்தில் நல்லதுதானே. எங்களைக் கொல்லாமல் இருக்கத்தானே பிடுங்கினார். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என் ஒயரை அறுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றார்.

சரி, பிடுங்கிவிடலாம் என்று வைத்துக்கொள். இன்றைக்கு எல்லாரும் பிழைப்பார்கள். வாடகை வண்டி, வாடகை டிரைவர், நல்ல கண். ஆனால் திங்கட்கிழமை? மில்லில் முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார், என்னவோ நல்ல செய்தி மாதிரி. விடியாத நேரத்தில் போய் ஊர் ஊராகப் பொண்ணுகளை ஏற்றணும், பனி வேறு ஆரம்பித்துவிட்டது. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் சரி என்று சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஃப்யூஸைப் பிடுங்குவாரா? எத்தனை நாளைக்குப் பிடுங்குவார்? ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு ஓட்டிவிடுவார். பின்னால் பொண்ணுகள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்குவார்கள், இவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் எல்லாரும் தூங்கலாம் இல்லையா. அந்த வாய்க்கால் ரோடுதான் மில்லுக்கும் போகிறது. அதில் ஒருத்தி என்னோடு படித்தவள், தேன்மொழி, என்னை மாதிரியே பாதியில் விட்டவள், அவள் வீட்டில் விடவைத்தார்கள். எப்போதும் ஜன்னல் ஓரம் உட்காருவாள். நான் சொன்னால் அப்பாவுக்கு வேலை போகும். வண்டி சும்மா நிற்கும். வீட்டில் சும்மா இருக்கிற ஆள் இரண்டு பேர் ஆவோம். டாக்டரிடம் காட்டலாமே, கண்ணாடி போட்டால் சரியாகுமோ என்னவோ, ஆபரேஷன் ஏதாவது இருக்கும், எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளப் போனாலே தெரிந்துவிடும் என்றுதான் போகாமல் இருக்கிறார். நான் சொல்லாமல் இருந்தால் பேர் கெட்டவனாக இருக்கலாம், அது பழகிவிட்டது, அதில் ஒரு வசதிகூட இருக்கிறது, யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லணும் என்றால் எப்படிச் சொல்வது? யாரிடம்? அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள், உன் தப்பை மறைக்க அப்பா மேல போடறியா என்பாள். அதை நினைத்தாலே கழுத்து நரம்பு இழுக்கிறது, தலைகீழாகக் கிடப்பதாலும் இருக்கும்.

"மாமா என்ன பண்றே?" தன்விகா. ஜன்னல் வழியாக அக்கா அவளைத் தூக்கிக் காட்டுகிறாள். தலையில் முடி கழுத்துவரை சுருண்டு கிடக்கிறது, நாளைக்கு மொட்டையும் உண்டு, இந்நேரம் இது இருக்காது. "லைட்டு ரிப்பேர் பண்றேன்டி." "எரியுமா?" "எரியும்." வாயிலிருந்து போன் நழுவி மூக்கில் விழுந்தது. எரியும் என்று சொல்லிவிட்டேன். குழந்தையிடம் சொன்னதற்கு என்ன, யார் கணக்கில் எடுக்கப்போகிறார்கள். "சீக்கிரம் முடிடா லோகு, அப்பா அங்க தனியா நின்னுட்டு இருக்காரு, முகமே சரியில்ல," என்கிறாள் அக்கா. "உம் மேல கோபமா இருக்கும்." "ஆமா, எம் மேலதான்." "எதுக்குடா இப்படிச் சுள்ளுன்னு பேசற? நான் என்ன பண்ணேன்?" ஒன்றும் பண்ணவில்லை. வாய்க்காலில் முட்டிக்கொண்ட நெற்றி அவளுடையது. அதில் இப்போது பொட்டு வைத்திருக்கிறாள். அவள் போனதும் கையை மேலே விட்டேன். விரல் நகத்தால் நெம்பினேன். பாதி வந்தது. இரண்டு வெள்ளிக் கால்கள் தெரிந்தன, சுத்தமாக, கருகாமல். எந்தச் சுமையும் தாங்காமல் போகவில்லை அது, ஒருநாளும் போனதில்லை. இன்னும் ஒரு இழுப்பு. இந்தப் பாதியில் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. விரல் நுனி மரத்துப்போனது. கோபமாக வரும் என்று பார்த்தேன், வந்தால் ஏதாவது ஒன்று செய்துவிடுவேன், வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா நின்றது ஞாபகம் வந்தது, அதே நேரத்தில் படியைக் காலால் தேடினாரே, அதுவும் வந்தது, இரண்டும் ஒரே ஆள் என்பது நம்பமுடியவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது.

எழுந்து உட்கார்ந்தபோது தலை சுற்றியது, ரத்தம் கீழே இறங்குகிற சத்தம் காதில் கேட்டது. பொழுது விழுந்துவிட்டது. வானத்தில் வெளுப்பு இருக்கிறது, தரையில் இல்லை. அப்பா ஜன்னல் பக்கம் வந்துவிட்டார், நான் எழுந்ததைப் பார்த்து இல்லை, சீட்டுச் சத்தம் கேட்டு. "என்றா, ஷார்ட்டா?" என்றார். எல்லாருக்கும் கேட்கிற குரல். எனக்காக எடுத்துக் கொடுக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, மீதியை அம்மாவே பேசிக்கொள்வாள். நான் ஸ்விட்சைப் போட்டேன். சுவர் முழுக்க வெள்ளையாக வந்தது. மாவிலை நிழல், மச்சான் நிழல், தன்விகாவின் சுருட்டை முடி நிழல். அவள் கை தட்டினாள். "மாப்ள, நீ ஆளு தான்யா," என்றார் மச்சான். "மாமா, எரியுதுங்க, கெளம்பலாம். ஏறுங்க ஏறுங்க." அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், லைட்டையா வடக்கையா தெரியவில்லை. அப்பா மட்டும் அந்த வெளிச்சத்தில் அசையாமல் நின்றார். என்னைப் பார்த்தார், இந்தத் தடவை வெளிச்சம் இருந்தது, பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று தெரியும். ஜன்னலுக்குள் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாமல், "அதப் புடுங்குடா," என்றார். "மாட்டம்ப்பா. மச்சான் ஓட்டட்டும்." "வாயில போட்டன்னா." "நீங்களே சொல்லுங்க, இல்லைன்னா நான் சொல்றேன்." "என்னத்தச் சொல்லுவ?" நான் வாயைத் திறந்தேன், உங்களுக்குக் கண் என்று ஆரம்பிப்பதா, அன்றைக்குப் பின் சீட்டில் பூனை இல்லை என்று ஆரம்பிப்பதா என்று தெரியவில்லை, அதற்குள் மச்சான் பின்கதவை இழுத்து அறைந்தார், அம்மா மூட்டை மேல் உட்கார முடியாது என்றாள், அப்பா கதவைத் திறந்து என் தோளைத் தள்ளினார். "தள்ளி உக்காரு. பேட்டரி எறங்குது, அதை அணை."

தள்ளித்தான் உட்கார்ந்தேன், இடது சீட்டுக்குப் போனேன். அணைக்கவும் செய்தேன். நான் நினைத்தது நடக்கவில்லை, லைட் எரிந்தால் அவர் சாவியை மச்சானிடம் கொடுத்துவிடுவார் என்று நினைத்திருந்தேன், முட்டாள்தனம், அவரை எனக்குத் தெரியாதா, எல்லார் முன்னாலும் இறங்குவதைவிட ஓட்டிவிடுவார். இதை யோசிக்காமல்தான் அழுத்தினேன். ஏறி உட்கார்ந்தார். பின்னால் எல்லாரும் ஏறிவிட்டார்கள், குழந்தை அக்கா மடியில், மச்சான் மட்டும் வெளியே என் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "மாமா, கேட்டைச் சாத்திட்டு வந்தர்றேன், நீங்க வெளிய எடுங்க," என்றார். சுவரில் இருந்த வெளிச்சம் போனபிறகு உள்ளே இருட்டுதான், ஆனால் பழகுகிற இருட்டு. எனக்கு டேஷ்போர்டு தெரிந்தது, மீட்டர் தெரிந்தது, அப்பா கழுத்தில் வியர்வை தெரிந்தது. அவர் கை சாவித் துவாரத்துக்குப் போனது, தடவியது, அங்கே சாவி இல்லை. என்னிடம் இருந்தது. படுக்கும்போதே எடுத்துவிட்டேன், லைட்டுக்குச் சாவி வேண்டியதில்லை, ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியாது. "சாவி எங்கடா?" "எங்கிட்ட." "குடு." கையை நீட்டினார். கை என்னிடம் வரவில்லை. எனக்கு ஒரு முழம் முன்னால், கியருக்கு மேலே, யாரும் இல்லாத இடத்தில் உள்ளங்கை விரிந்து நின்றது. என் கை என் மடியில், சாவியோடு, அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கேதான் நான் இருக்கிறேன் என்று நினைத்து, கோபமாக. மச்சான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். பின்னாலிருந்து அம்மா சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "குடுறா, நேரமாச்சு," என்றார் அப்பா, அந்த இடத்தைப் பார்த்தே. விரல்கள் வா வா என்று இரண்டு தடவை மடங்கி விரிந்தன. நான் கொடுக்கவில்லை.